ஞாயிற்றுக்கிழமைத் திண்ணை

விரிஞ்சிபுரம். மதிலழகுக்குப் பேர்போன ஊர். மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதிலின் நிழல் பாதித் தெருவரை விழுந்திருக்கிறது. எதிரே ஒரு திண்ணை வீடு.

திண்ணையோரம் ஐந்து ஜோடி செருப்பு. எல்லாம் ரப்பர்.

நான்கு பெண்கள் சுவரில் சாய்ந்து காத்திருக்கிறார்கள். ஐந்தாமவள் பாயில், முதுகைக் காட்டியபடி. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுபவள். ஆறு நாளும் தலை இடப்பக்கம் சாய்ந்தே கிடக்கிறது. ஏழாம் நாளும் நிமிரவில்லை.

இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய். நாலு பல் பூண்டு, கொஞ்சம் ஓமம். பூண்டு சிவந்ததும் ஆயா கரண்டியை இறக்குகிறாள். சூடு தணிந்தபின் கற்பூரத்தை நுணுக்கிப் போடுகிறாள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறாள்.

ஆயா எழுபதைத் தாண்டியவள். கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர் கால் பட்டால் சுளுக்குப் போகும் என்பது ஊர்ப் பேச்சு. ஆயா நம்புவது கட்டைவிரலை.

கட்டைவிரல் காதுக்குப் பின்னால் தொடங்குகிறது. கழுத்தில் இறங்குகிறது. தோள்பட்டை மேட்டில் நிற்கிறது. அங்கே ஒரு முடிச்சு, புளியங்கொட்டை அளவு.

"இங்கியா, கண்ணு?"

"அங்கதான், ஆயா."

விரல் அழுத்துகிறது. எடுக்கவில்லை. தெருக்கோடியில் தெரிந்த சைக்கிள் வீட்டைக் கடந்து போகிறது. விரல் அங்கேயே இருக்கிறது. பாயில் இருப்பவள் பல்லைக் கடிக்கிறாள்.

"மூச்ச உடு."

விடுகிறாள். தோள் ஒரு விரற்கடை இறங்குகிறது.

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், பிடித்தல், இறுக்கல், இழுத்தல், அசைத்தல் உட்பட 9 வகை. ஆயா எண்ணுவதில்லை. தட்டுகிறாள். பிடிக்கிறாள். இறுக்குகிறாள். மறுபடி தட்டுகிறாள்.

காத்திருப்பவர்களில் ஒருத்தி வீட்டிலிருந்தே ஷூ தைப்பவள். மடியில் தோல் மேல்பாகங்கள். ஊசி ஏறுகிறது, இறங்குகிறது. நூலை இழுக்கும்போது இரண்டு முழங்கையும் பக்கவாட்டில் விரிகின்றன. பக்கத்தில் இருப்பவள் ஒவ்வொரு முறையும் சற்று நகர்ந்து இடம் விடுகிறாள். தைப்பவளின் ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு. மேலே கிழிந்த சேலைத் துண்டு சுற்றியிருக்கிறது.

அடுத்தவளுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. ஆயா தொட்டுப் பார்க்கிறாள். எண்ணெய் வைக்கவில்லை.

"இது என் கைக்கு ஆவாது. சி.எம்.சி.க்குப் போயி படம் எடு."

அதற்கு லீவு கேட்க வேண்டும். அவள் செல்போனை எடுக்கிறாள். பார்க்கிறாள். முந்தானையில் முடிந்துகொள்கிறாள்.

பெண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் செவ்வாய், வெள்ளி என்பது பழைய வழக்கம். இந்தத் திண்ணையில் ஞாயிறு. கம்பெனிக்கு அன்றுதான் விடுமுறை.

மதிலுக்கு உள்ளே, கருவறையில், லிங்கம் சற்றே சாய்ந்திருக்கிறது. அபிஷேகம் செய்ய வந்த சிறுவனுக்கு உச்சி எட்டவில்லை. ஈசன் தலையைச் சாய்த்துக் கொடுத்தார் என்கிறது தலபுராணம்.

பாயில் இருப்பவள் எழுந்து உட்காருகிறாள். தலையை வலப்பக்கம் திருப்புகிறாள். தோளைத் தாண்டி மதில் தெரிகிறது. முன்னால் திரும்பி, மறுபடி ஒருமுறை திருப்பிப் பார்க்கிறாள். மதில் தெரிகிறது.

வெற்றிலை, பாக்கு, மேலே 20 ரூபாய். ஆயா வெற்றிலையை மடிக்கிறாள். ரூபாய் சுருக்குப்பைக்குள் போகிறது.

கடைசி முறை தைப்பவளுக்கு. ஊசியைத் தோலிலேயே குத்தி வைத்துவிட்டுப் பாயில் உட்காருகிறாள். ஆயா முதலில் அவள் விரல்களைப் பிடிக்கிறாள். ஒவ்வொன்றாக நிமிர்த்துகிறாள். சுண்டுவிரல் வரை வந்து, மீண்டும் ஆள்காட்டி விரலுக்கே போகிறாள்.

தெருவிளக்கு எரிகிறது. திண்ணையோரம் ஒரு ஜோடி செருப்பு.

காலையில் கம்பெனி பஸ் ஆறரைக்கு ஹைவேயில் வந்து நிற்கிறது.