எந்த ஊரு, எந்தத் தெரு?

போன வருசம் ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தேன். கூடலூரில் சாயங்காலம் பஸ் ஏறினால் விடிய கிளாம்பாக்கம். கூட்டம் முடிந்த அன்று ராத்திரி நண்பன் போன் பண்ணினான். எங்க காலனிக்காரன். அஞ்சாப்பு வரைக்கும் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவன். இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை.

"மாப்ள, இன்னிக்கு என் செலவு. நல்ல எடமாப் போவோம். வந்து சேரு."

நல்ல எடம் என்று அவன் சொன்னது ஒரு நட்சத்திர ஓட்டல். நான் கூட்டத்துக்குப் போன அதே வேட்டி சட்டையில் இருந்தேன். வாசலில் நின்ற ஆளின் தலைப்பாகையைப் பார்த்ததும் கால் தயங்கியது.

"வேட்டியோட விடுவானாடா?"

"விடுவான், வா. வேட்டிக்குத்தான் சட்டமே போட்டுட்டாங்கல்ல."

அவன் சொன்னது உண்மைதான். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்துவிட்டது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் கிளப்பின் உரிமம் போகும், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம். அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

உள்ளே மங்கலான வெளிச்சம். உட்கார்ந்தால் அமுங்குகிற நாற்காலி. நண்பன் மீனும் கோழியும் சொன்னான். குடிக்க என்ன என்று கேட்டதற்கு, காக்டெயில் என்று ஏதோ பேர் சொன்னான். அட்டையில் விலையைப் பார்த்தேன். எங்கம்மாவோட ரெண்டு நாள் கூலிக்கு மேல. பரிமாறுகிற தம்பி வந்து முதலில் மேசையில் ஒரு வெள்ளைப் பேப்பரை விரித்தான். அதன் மேல் கிளாசை வைத்தான். நீளமான, பளபளக்கிற கண்ணாடி கிளாஸ். சிவப்பு ஒயினில் பழத்துண்டுகள் மிதந்தன. குச்சியில் ரெண்டு கருந்திராட்சை குத்தியிருந்தது.

நான் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயசில் எங்க அய்யாவோடு டீக்கடைக்குப் போவேன். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். எங்களுக்கு வெளியே தட்டிப் பலகையில் கவிழ்த்து வைத்திருக்கிற கண்ணாடி கிளாஸ். நாமளே எடுத்து நீட்டணும். கடைக்காரர் தூக்கி ஊத்துவார். குத்தவச்சுக் குடிச்சிட்டு நாமளே கழுவி நாமளே கவுத்து வைக்கணும். ஒருநாள் நான் தெரியாமல் டம்ளரைத் தொட்டுவிட்டேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அய்யாதான் என்னை அறைந்தார். அந்த அறை அய்யாவோட அறை இல்லை என்று புரிய எனக்குப் பல வருசம் ஆனது.

இப்போது அந்தப் பலகை இல்லை. பேப்பர் கப் வந்துவிட்டது. எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் பேச ஒன்றுமில்லை. ஆனால் தெரிந்தவருக்கு டம்ளரில் வருகிறது, காலனிக்காரன் போனால் கேட்காமலே கப்பில் வருகிறது. கேட்டால் 'சுத்தத்துக்குப்பா' என்பார்கள்.

இதற்கும் சட்டம் இருக்கிறது. வேட்டிச் சட்டத்துக்கு ரொம்ப முந்தியே இருக்கிறது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கடையிலும் ஓட்டலிலும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது 15ஆவது பிரிவு. 1955-இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், ஓட்டலில் பொதுவுக்கு வைத்திருக்கிற பாத்திரத்தைப் புழங்க விடாமல் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 1976-இல் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். கடுமையாக்கிய பிறகு தண்டனை என்ன தெரியுமா? ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை. அபராதம் 100 ரூபாய்க்குக் குறையாமல், 500 ரூபாய்க்கு மிகாமல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இந்தப் பாத்திரக் குற்றத்தைப் பேர் சொல்லிச் சேர்த்து, ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்று வைத்தது 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். வேட்டிக்கு ஒரு மாதம் ஆனது. கிளாசுக்கு அறுபது வருசம் ஆனது.

இதையெல்லாம் நான் மேடையில் பேசுகிறவன். அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நண்பன் குச்சியிலிருந்து திராட்சையை உருவி வாயில் போட்டான். "நம்ம ஊருப் பழம் மாதிரியே இருக்கு மாப்ள" என்றான். பரிமாறின தம்பி காதில் அது விழுந்தது.

"சாருக்கு எந்த ஊரு?"

"கூடலூர்."

"நீலகிரி கூடலூரா சார்?"

"இல்ல தம்பி, கம்பம் கூடலூர்."

தம்பி முகம் மலர்ந்தது. "நானும் கம்பம் பக்கந்தான் சார். கூடலூர்ல எங்க?"

சாதாரணக் கேள்வி. ஊர்க்காரன் ஊர்க்காரனிடம் கேட்பது. ஆனால் இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஊர் கேட்டவன் தெரு கேட்பான். தெரு தெரிந்தால் சாதி தெரியும். அதற்கப்புறம் அவன் கை அந்தக் கிளாசை எப்படி எடுக்கும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

நண்பன் சட்டென்று சொன்னான்: "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல."

நான் வாயைத் திறக்கவில்லை. கிளாசை எடுத்துக் குடித்தேன். மேடை மேடையாய் 'நான் சேரிக்காரன்' என்று முழங்குகிற வாய் அது.

வெளியே வந்து ரோட்டோரம் நடந்தோம். ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சொன்னா கை தட்டுறாங்க மாப்ள. நான் சொன்னா? மூணு வீடு மாறிட்டேன். 'நீங்க வெஜிடேரியனா'ன்னுதான் கேப்பான். அவன் கேக்குறது அது இல்லன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆபீஸ்ல கூட உக்காந்து சாப்பிடுறவனுக்கே நான் இன்னும் சொல்லல. ஒரு ராத்திரியாவது நிம்மதியாக் குடிக்கலாம்னு உன்னக் கூட்டிட்டு வந்தேன். சரி, நீ ஏன் சொல்லல?"

என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச தூரம் போய்ச் சொன்னேன். "ஒருவேளை அந்தத் தம்பியும் நம்மாளா இருந்தா? நம்மளத் தேடித்தான் கேட்டிருந்தா?"

நண்பன் நின்றுவிட்டான். "அவனும் 'கம்பம் பக்கம்'னு தானடா நிறுத்திக்கிட்டான்."

அந்தத் தம்பி யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவன் முகம் சுருங்கியிருக்கலாம். 'அண்ணே, நானும்தான்' என்று இன்னும் மலர்ந்தும் இருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டதில் ரெண்டுமே இல்லாமல் போனது.

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழம் தன் ஊர்ப்பேரைச் சொல்லி விலைபோகலாம். அதைக் குனிந்து நிமிர்ந்து வெட்டிக் கூடையில் அடுக்குகிற எங்கம்மாவின் மகனுக்குத் தெருப்பேர் வாயில் வரவில்லை. வெட்கப்பட வேண்டியவன் நானில்லை என்று தெரிந்தும் வரவில்லை. சட்டம் வெளியே இருக்கிறது. அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

அடுத்த முறை நண்பன் கூடலூர் வரும்போது அந்த டீக்கடைக்குப் போவதாக இருக்கிறோம். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, "ரெண்டு டீ, டம்ளர்ல" என்று கேட்கப்போகிறோம். அவன் "பாக்கலாம்" என்றான். வருவான் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்னால், அன்றைக்கு அந்த மேசையில் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். ஒருவேளை அந்தத் தம்பி கையில் இந்த இதழ் கிடைக்கலாம்.

ஊரு கூடலூர், தம்பி. தெரு காலனி.