சொல்தா தாத்தாவின் ஜாக்கோ

கிளி வளர்க்கப் போறேன் என்று கிளாஸில் சொன்னதும் வந்த முதல் கேள்வி, "ஜோசியம் பார்க்குமாடா?" இரண்டாவது கேள்வி, "போலீஸ் பிடிக்காதா?" ரெண்டுமே நியாயமான கேள்விகள்தான். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே கதையைச் சொல்லிவிடலாம்.

2024 ஏப்ரலில், நம்ம பக்கத்துக் கடலூர் தொகுதியில் பா.ம.க. சார்பில் நின்ற இயக்குநர் தங்கர் பச்சான், தென்னம்பாக்கம் கோயில் பக்கம் போனபோது ஒரு கிளி ஜோசியரிடம் உட்கார்ந்து சீட்டு எடுக்கச் சொன்னார். அவர்தான் ஜெயிப்பார் என்று கிளி சொல்லிவிட்டது. வீடியோ ஊரெல்லாம் ஓடியது. பின்னாலேயே வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்துக்கொண்டு போனது. ஜோசியம் சொன்னதற்காக இல்லை, கூண்டில் பச்சைக்கிளி வைத்திருந்ததற்காக. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பது, விற்பது, கூண்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். தோளில் சிவப்புத் திட்டோடு கொஞ்சம் பெரிசாக ஒரு பச்சைக்கிளி இருக்குமே, அதற்கும் இதே கதைதான். (ஜூனில் ரிசல்ட் வந்தபோது ஜெயித்தது காங்கிரஸ். பாவம், கிளிக்குக் கூண்டும் போச்சு, பேரும் போச்சு.)

எங்க வீட்டில் இப்போது இருப்பது பச்சைக்கிளி இல்லை. ஆப்பிரிக்க சாம்பல் கிளி. உடம்பெல்லாம் விபூதி பூசின மாதிரி சாம்பல், வால் மட்டும் ரத்தச் சிவப்பு. ஒரு அடிக்கு மேல் நீளம், அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் எடை. வயசு 20. அதாவது என்னைவிட ஒண்ணரை வயசுதான் சின்னவன். பெயர் ஜாக்கோ. பிரான்ஸில் இந்த வகைக் கிளிக்கு வழிவழியாக வைக்கிற செல்லப் பெயரே இதுதானாம். நம்ம ஊரில் மாட்டுக்கு லட்சுமி மாதிரி.

பிரெஞ்சுப் பேர் எப்படித் தவளக்குப்பம் வந்தது என்று கேட்பவர்கள் புதுச்சேரிக்காரர்களாக இருக்க முடியாது :-) எங்க பின் தெருவில் ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆகி, பென்ஷன் வாங்கிக்கொண்டு, பாட்டியோடு ஊரில் செட்டில் ஆனவர். 2005-இல் குஞ்சாக வாங்கினது ஜாக்கோ. பொண்ணும் பேரப்பிள்ளைகளும் அங்கே பிரான்ஸில். 2023-இல் பாட்டி இறந்து போனார். அதற்கப்புறம் அந்தப் பெரிய வீட்டில் தாத்தாவும் கிளியும் மட்டும்தான்.

எனக்கும் அவருக்கும் அதுவரை "என்ன தம்பி, காலேஜ் போறியா" அளவுக்குத்தான் பழக்கம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம தலைமேலேயே கரையைக் கடந்ததே, அன்றைக்குத்தான் மாறியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாத்தா வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நானும் அப்பாவும் போய் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தோம். அவர் வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறார். "ஜாக்கோ, ஜாக்கோ" என்று அதையே சொல்கிறார். கூண்டு கதவை விட அகலம். கடைசியில் துண்டைப் போட்டுச் சுற்றி, தலகாணி உறைக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அதன் இதயம் அடித்தது என் கைக்குத் தெரிந்தது. மூணு நாள் கரண்ட் இல்லாமல் எங்க மாடி ரூமில் தாத்தாவும் கிளியும் இருந்தார்கள்.

அதற்கப்புறம் அவர் பொண்ணு விடவில்லை. தனியாக இருந்தது போதும், வந்துவிடுங்கள் என்று தினமும் போன். அவருக்கும் எழுபத்தெட்டு வயசு. போகத்தான் வேண்டும். கிளியைக் கூட்டிப் போக முடியுமா என்று அலைந்து பார்த்தார். சைட்டிஸ் என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. ஆப்பிரிக்கக் காடுகளில் இந்தக் கிளியைக் கண்டபடி பிடித்துப் பிடித்து எண்ணிக்கை குறைந்துபோனதால், 2016-இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் இதை முதல் பட்டியலுக்கு ஏற்றினார்கள். 2017 ஜனவரியில் அமலுக்கு வந்தது. புலி இருக்கிற அதே பட்டியல்! இங்கிருந்து ஏற்றுமதி அனுமதி, அங்கிருந்து இறக்குமதி அனுமதி, ரெண்டும் வேண்டும். அப்புறம் உடம்புச் சோதனை, விமானக் கூண்டு. இருபது வயசுக் கிளிக்கு இதையெல்லாம் கொடுக்க வேண்டுமா என்று யோசித்து, ஒருநாள் விட்டுவிட்டார்.

விலைக்குக் கேட்டு ஒரு வியாபாரி வந்தார். ஜோடி சேர்க்க ஆண் கிளி வேண்டுமாம். நல்ல தொகை. தாத்தா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, காசு ஒண்ணும் வேணாம். நீ வச்சுக்கறியா?" என்றார்.

உடனே சரி என்று சொல்லவில்லை. நான் பி.காம். படிக்கிறவன், கணக்குப் போடாமல் எதற்கும் தலையாட்டுவதில்லை (அப்படித்தான் வெளியில் சொல்லிக்கொள்கிறேன்). நல்லபடியாக வளர்த்தால் இந்தக் கிளி 40 முதல் 60 வருஷம் வரை கூட இருக்கும். எந்தச் சொத்துக்கும் தேய்மானம் போடச் சொல்லித்தருகிறார்கள், இதற்கு என்ன விகிதம் போடுவது? எனக்கு வேலை கிடைக்கும் வயசில் அதற்கு 22. எனக்குக் கல்யாணம் ஆகும்போது அதற்கு முப்பதுக்குப் பக்கம். என் பிள்ளை காலேஜ் போகும்போதும் அது கூண்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கலாம். நாய்க்குட்டி கேட்டாலே யோசிக்கிற வீட்டில் இதை எப்படிக் கேட்பது?

அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "நீ மெட்ராஸ்ல வேலைக்குப் போயிட்டா யார்டா பாக்கறது?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்கச்சிதான், "நான் பாத்துக்கறேம்மா" என்றாள். ப்ளஸ் ஒன் படிக்கிறவளின் வாக்குறுதி எத்தனை வருஷம் தாங்கும் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அப்பாவின் வீசிங். சாம்பல் கிளியின் இறகிலிருந்து மாவு மாதிரி ஒரு தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். கறுப்புச் சட்டையோடு பக்கத்தில் போய் நின்றால் தெரியும். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு கிருமிக் காய்ச்சலும் உண்டு, நுரையீரலைத்தான் பிடிக்கும். அதனால் முதலில் ஜாக்கோவைக் குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் காட்டப் போனோம். அப்புறம் அப்பாவை அவருடைய டாக்டரிடம். அப்பாவின் டாக்டர் சிரித்தார். ஆனால் தெளிவாகச் சொன்னார்: கிளி தனி அறையில் இருக்கட்டும், அறையை நீங்கள் பெருக்கக் கூடாது, இருமல் கூடினால் உடனே வாங்க, அப்போது கிளியா நீங்களா என்று முடிவு பண்ணலாம். அந்தக் கடைசி வரியை அம்மா இன்றைக்கும் வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துகிறார்.

காகித வேலை இன்னொரு பக்கம். வெளிநாட்டு இன விலங்கு வைத்திருப்பவர்கள் தாங்களாக முன்வந்து தெரிவிக்கலாம் என்று மத்திய அரசு 2020-இல் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. தாத்தா பட்டாளத்துக்காரர் இல்லையா, அப்போதே ஒழுங்காகத் தெரிவித்து வைத்திருந்தார். 2022-இல் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் பட்டியல் இனங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகள் வந்தன. பரிவேஷ் என்ற இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். கம்பெனி லா பேப்பருக்குக்கூட நான் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. யாராவது "ஃபாரின் கிளி, பேப்பர் எல்லாம் வேணாம்" என்று சொல்லி விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அடுத்த ரெண்டு மாசம் வீட்டை மாற்றினோம். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். நமக்குச் சாதாரணமான எத்தனை விஷயம் ஒரு பறவைக்கு விஷம்! பறவைக்கு நுரையீரலோடு உடம்பு முழுக்கக் காற்றுப்பைகள் உண்டு, காற்றில் இருப்பதை நம்மைவிட நன்றாக உறிஞ்சும். அதனால் நான்ஸ்டிக் தவா அடுப்பில் வெறுமனே காய்ந்தால் வருகிற புகையிலேயே நிமிஷக் கணக்கில் செத்துப்போகும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் நான்ஸ்டிக் தவாவைப் பரணில் போட்டுவிட்டு, பாட்டி காலத்து இரும்புக் கல்லை எடுத்தார். (தோசை இப்போதுதான் நன்றாக வருகிறது என்பது வேறு விஷயம்.) கொசுவத்தி கிடையாது, கொசு வலைதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் கிளி அறைப் பக்கம் வராது. அந்த அறையில் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டோம். தவளக்குப்பத்தில் மே மாசம் ஃபேன் இல்லாத அறை எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சுவரில் கம்பி வலை போட்ட ஒரு சின்ன ஃபேன் மாட்டினோம்.

கூண்டுக்குத்தான் செலவு. நாகப்பூச்சு அடித்த மலிவுக் கம்பிக் கூண்டு ஆகாது. கிளி கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும், துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் விஷம். இறக்கையை முழுசாக விரித்து அடிக்க இடம் வேண்டும். பட்டறையில் சொல்லி எவர்சில்வரில் செய்தோம், என் ட்யூஷன் காசு ஏழு மாசத்தது அதில் போனது. உட்காருவதற்கு ஒரே கனத்தில் வழுவழுப்பான கட்டை வைத்தால் காலில் புண் வரும் என்று, கொய்யாக் கிளைகளை மேடு பள்ளத்தோடு அப்படியே வெட்டி மாட்டினேன். அதையும் வாரத்துக்கு ஒன்று கடித்துத் துப்பிவிடுகிறது. அதற்குத்தான் அது.

சாப்பாடு விஷயத்தில் தாத்தாவோடு எனக்கு ஒரு சின்னப் போர். இருபது வருஷமாக அவர் கொடுத்தது சூரியகாந்தி விதையும் பிஸ்கட்டும். சூரியகாந்தி விதை கொழுப்பு மூட்டை. இந்த வகைக் கிளிக்குச் சீக்கிரம் கால்சியம் குறைந்து வலிப்பு வரும். நான் முருங்கைக்கீரை, கேரட், அவித்த சர்க்கரைவள்ளி, முளைகட்டின பயறு என்று ஆரம்பித்தேன். ஒரு வாரம் எல்லாவற்றையும் என் முகத்தில் எறிந்தது. மிளகாய் மட்டும் உடனே சாப்பிட்டது. பறவைக்கு மிளகாய்க் காரம் உறைக்காது, பச்சைமிளகாயை நாம் வெள்ளரிக்காய் தின்பது மாதிரித் தின்னும். பட்டர் ஃப்ரூட், சாக்லெட், காபி மட்டும் கண்ணில் காட்டக்கூடாது.

இந்தப் போருக்கு நடுவில்தான் தினமும் சாயங்காலம் தாத்தா வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் செய்வதில்லை, கூண்டுக்குப் பக்கத்தில் காஸ்ட் அக்கவுன்டிங் படிப்பேன். ஜாக்கோவின் கண்மணி சட்டென்று சுருங்கி விரிந்தால் கையைத் தூரமாக வை என்று தாத்தா சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுப்பதற்கு முன்னாலேயே கட்டைவிரலில் மூணு தையல். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் 1977-இல் சிகாகோ கடையில் வாங்கின அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, நூறு வார்த்தைக்கு மேல் கற்றுக்கொண்டு நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொன்னது. 2007-இல் 31 வயசில் இறந்தது. எல்லோரும் அதன் கணக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு: பாடம் போரடித்தால், திரும்பிப் போகணும் என்று அலெக்ஸ் சொல்லுமாம். எங்க கிளாஸில் அதைச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது.

இவ்வளவு புத்தி இருக்கிற ஜீவனுக்குத் துக்கமும் இருக்கும்தானே. பாட்டி போனதிலிருந்து ஜாக்கோ நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. நான் பார்க்கும்போது கழுத்துக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு உரித்த கோழி மாதிரி இருந்தது. உடம்பில் நோய் இல்லை, மனசுதான் என்றார் கால்நடை டாக்டர்.

2025 ஜூலையில் தாத்தா கிளம்பினார். அதற்கு ரெண்டு வாரம் முன்னாலேயே ஜாக்கோ எங்க வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் இருக்கும்போதே பழகட்டும் என்று அவர்தான் சொன்னார். தினமும் காலையில் வந்து பார்ப்பார். கடைசி நாள் வரவில்லை. வாசலில் கார் நிற்க, அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது நாள் ஜாக்கோ ஒரு சத்தம் போடவில்லை. அரைகுறையாகத்தான் சாப்பிட்டது. கூண்டின் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தினமும் தராசில் நிறுத்து நோட்டில் எழுதினேன். 462, 455, 449. பத்தாவது நாள் மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும், நான் ஹாலில் இருந்தேன். உள்ளேயிருந்து ஒரு வயசான பெண் குரல், "ஆ தாப்ள! சாப்பிட வாங்க!" என்றது. பாட்டி குரல், அப்படியே. அம்மா அடுக்களையில் கரண்டியோடு நின்றுவிட்டார். அந்த அம்மா போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

இதைத் தாத்தாவிடம் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வாரம் விவாதம். கடைசியில் நான் போனில் பதிவு பண்ணி அனுப்பினேன். ரெண்டு நாள் பதிலே இல்லை. அப்புறம், "எனக்கு முன்னாடி அது இப்படிப் பேசுனதே இல்ல தம்பி, அவ போனப்புறம்" என்று ஒரு குரல் செய்தி வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருகிறார். அவர் குரல் கேட்டால் ஜாக்கோ தலையைச் சாய்த்துக்கொண்டு ஒன்றுமே பேசாது. போனை வைத்த பிறகுதான் "போன்ழூர்" என்கும். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை, தாத்தாவுக்கு அது வேண்டியிருக்கிறது.

நெஞ்சில் சாம்பல் முளை கொஞ்சம் வந்திருக்கிறது. நடுவில் ஒரு திட்டு மட்டும் வரவே இல்லை, வேர் செத்திருந்தால் வராதாம். எடை 470. அப்பாவுக்கு இருமல் கூடவில்லை. தினமும் ஈரத் துணியால் அறையைத் துடைக்கிறோம், ஜாக்கோவுக்குத் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டுகிறோம். பாட்டி குரலில் கூப்பிட்டால் அப்பா பழக்கத்தில் "வரேன்" என்று சொல்லிவிட்டு முழிக்கிறார். கடலூர் ரோட்டில் போகிற பஸ் ஹாரனையும் கற்றுக்கொண்டுவிட்டது, காலை அஞ்சரைக்கு அடிக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார், எவ்வளவு நாள் என்று பார்க்க வேண்டும்.

மெட்ராஸ் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பரிவேஷில் பதிவு என் பேரில்தான். நாளைக்கு ஞாயிறு, கூண்டு கழுவும் நாள். காஸ்ட் அக்கவுன்டிங் அசைன்மென்ட் வேறு பாக்கி, அதில் ரெண்டு பக்கத்தை ஜாக்கோ ஏற்கெனவே கடித்துவிட்டது.