ஒரு சாண் கிறிஸ்துமஸ் மரம்

டிசம்பர் பிறந்துவிட்டால் ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி பக்கம் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிடும். நட்சத்திரம் சரி, குடில் சரி, கேக்கும் சரி... மரத்துக்கு எங்கே போவது? வாழ்த்து அட்டையில் இருக்கும் பனி மூடிய பைன் மரத்தைக் கம்பம் பள்ளத்தாக்கில் தேடினால் திராட்சைப் பந்தலும் தென்னையும் வாழையும்தான் கண்ணில் படும்.

இதற்குத் தமிழ்நாட்டில் ரொம்ப காலமாக இருக்கும் பதில் சவுக்கு. ஒரு கிளையை வெட்டி வந்து மண் நிரப்பிய வாளியில் நட்டால் மரம் ரெடி. வேடிக்கை என்னவென்றால் சவுக்குக்கும் பைனுக்கும் எந்த உறவும் கிடையாது! சவுக்கில் ஊசி மாதிரி தெரிவது இலையே இல்லை, மெல்லிய பச்சைத் தண்டு. உண்மையான இலைகள் அதன் கணுக்களில் பல் பல்லாக, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் இருக்கும். கணுவில் பிய்த்து மறுபடி சொருகிவிட்டு, "எங்கே ஒடிச்சேன், சொல்லு" என்று பிள்ளைகள் விளையாடுவது இதனால்தான்.

ஜெர்மனியிலேயே 19ஆம் நூற்றாண்டில் வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் போட்டு, கம்பியில் சுற்றி மரம் செய்து வைத்தார்கள். அங்கேயே அப்படி என்றால், தேனியில் சார்ட் பேப்பரில் செய்வதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் பல வீடுகளில் அம்மா விடிவதற்குள் ஜீப் ஏறிவிடுவார். குமுளி, கம்பம்மெட்டு தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை, திரும்பும்போது இருட்டிவிடும். அந்த நேரத்தில் பிள்ளை வந்து, "அம்மா, நாளைக்கு கிறிஸ்துமஸ் மரம் செஞ்சு கொண்டு வரச் சொன்னாங்க" என்றால்? ஃபேன்ஸி ஸ்டோரில் ரெடிமேடாக வாங்கினால் அரை நாள் கூலியில் ஒரு பங்கு போய்விடும். வாங்காவிட்டால் வகுப்பில் தலைகுனிவு. கடையில் வாங்கியதற்கு முதல் பரிசு கொடுக்கும் வழக்கம் ஒழிந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு வீட்டில் கிடப்பதே போதும்.

பச்சை சார்ட்டில் 24 செ.மீ. ஆரத்தில் ஓர் அரைவட்டம். அதை அப்படியே ஓரத்தோடு ஓரம் ஒட்டினால் அடி அகலம் 24 செ.மீ., உயரம் 21 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பார்க்க மரம் மாதிரி இருக்காது, கூடாரம் மாதிரி இருக்கும். கால்வட்டம் என்றால் 23 செ.மீ. உயரமும் 12 செ.மீ. அடியும் வரும், ஒல்லி, ஃபேன் போட்டால் விழுந்துவிடும். அரைவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினால் அடி 16 செ.மீ., உயரம் ஏறக்குறைய 22½ செ.மீ. ஒரு சாண். இதுதான் அழகு. பத்தாம் வகுப்புக் கூம்புக் கணக்கு இப்படியாவது உதவட்டும் :-)

அடுத்து, திருவிழாத் தோரணத்துக்கு வாங்கும் பச்சைக் கலர் பேப்பரை நாலு விரல் அகலத்தில் பட்டை பட்டையாக வெட்டி, ஒரு பக்கம் சீப்பு மாதிரி நறுக்க வேண்டும். நறுக்கிய நுனியைப் பேனாவில் சுற்றி எடுத்தால் சுருண்டு நிற்கும். ஒட்டுவது எப்போதும் கீழிருந்து மேலே. கிடுகு வேய்வது போல, மேல் வரிசை கீழ் வரிசையின் தலைப்பை மூட வேண்டும். மேலிருந்து தொடங்கியவர்கள் பாதியில் பிய்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். பெவிகால் இல்லையென்றால் மைதாப் பசை போதும். ஆனால் கரப்பான் தேடி வரும்.

அலங்காரத்துக்கு அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டை. சிவப்பும் மெரூனும் கலந்து ஒட்டினால் பழம் பழுத்த மாதிரி இருக்கும். உச்சிக்கு சாக்லேட் ஜிகினாத் தாளில் ஒரு நட்சத்திரம். சார்ட்டே வேண்டாம் என்றால் கவாத்து வெட்டிய திராட்சைக் கொடி இருக்கிறது. வெட்டிய ஈரத்தோடு ஒரு குச்சியைச் சுற்றி, கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் வளைத்துக் கட்டி நாலு நாள் காயவிட்டால் வடிவம் நின்றுவிடும். பேப்பர் மரத்தைவிட இது ஒரு படி மேல் என்றே சொல்லலாம்.

பனிக்குத் தெர்மாகோல் உருண்டை வேண்டியதில்லை. இலவம்பஞ்சுக்குப் பேர் போன போடி பக்கத்திலேயே இருக்கிறதே! பழைய தலையணையின் ஓரத்தில் ஒரு தையலைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்தால் பத்து மரத்துக்குப் பனி பெய்துவிடும் (அம்மா பார்ப்பதற்குள் தைத்துவிடுவது நல்லது). ஒரே ஒரு எச்சரிக்கை: இலவம்பஞ்சு பொறி பட்டாலே குப்பென்று பற்றிக்கொள்ளும். குடிலில் மெழுகுவர்த்தி ஏற்றும் வீடுகளில் இந்த மரத்தைத் தள்ளியே வைக்க வேண்டும்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பஞ்சை எடுத்துவிட்டு, கூம்புகளை டீ கிளாஸ் அடுக்குவது போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பரணில் போட்டுவிடலாம். சுருள் கொஞ்சம் நசுங்கும். அடுத்த டிசம்பரில் பேனாவால் ஒரு சுற்று சுற்றினால் மறுபடி நிமிர்ந்துகொள்ளும்.