முடிச்ச இடத்திலேயே ஆரம்பம்

காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் விழுந்துடுச்சு. அதே புத்தகத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்தா?

லாயிட்ஸ் ரோடு யூதர் கல்லறையைத் தாண்டி வரும்போது, எப்பவோ படிச்சது ஞாபகம் வந்தது. தோராவை 54 பகுதியாப் பிரிச்சு வாராவாரம் வாசிப்பாங்களாம். கடைசிப் பகுதியில், வாக்களிக்கப்பட்ட நாட்டை மலையிலிருந்து பார்த்ததோட மோசே இறந்துபோறார். உள்ளே போகவே இல்லை! ஆனா அதை முடிச்ச அன்னிக்கே ஆதியாகமத்தை ஆரம்பிச்சுடுவாங்க.

மயிலாப்பூரில் எங்க பாட்டிக்குத் திருப்பாவை முப்பதும் மனப்பாடம். ஆனாலும் மார்கழி பிறந்தா புத்தகத்தைத் திறப்பாள். "தெரியும்னு மூடி வெச்சா மறந்துபோயிடும்டா."

க்ளோசிங் பேலன்ஸ்தானே அடுத்த வருஷத்துக்கு ஓப்பனிங் பேலன்ஸ்? அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. முதல் அத்தியாயத்தை முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருக்கேன்.