மலைமேல் ஓர் ஓட்டு வீடு

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் நெருங்கும் வேளையில், சமவெளியில் வாழும் நம்மைப் போன்றோர்க்கு நிழலே ஒரு செல்வமாகத் தோன்றுகிறது. திண்டுக்கல்லில் வெயில் 38, 39 பாகை என்று ஏறும் நாட்களில் குழாய்த் தண்ணீரும் சுடுகிறது. பிள்ளைகளின் முகம் நண்பகலுக்குள் வாடிவிடுகிறது. அந்நாட்களில், 2020, 2021 ஆகிய இரு நோய்த்தொற்று ஆண்டுகள் நீங்கலாக, ஆண்டு தவறாமல் எங்கள் குடும்பம் நாடிச் செல்லும் இடம் ஒன்று உண்டு. கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே, செண்பகனூரை அடுத்த ஒரு சரிவில் நிற்கும் எங்கள் சிறிய ஓட்டு வீடே அது.

மலைவாழிடத்தில் வீடு என்றதும் செல்வர்களின் மாளிகையை வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். இரண்டு அறைகள், ஒரு சமையற்கட்டு, முன்புறம் தாழ்வாரம், பின்புறம் ஐந்து பிளம்ஸ் மரங்கள்: அதன் முழு விவரமும் இவ்வளவே. என் தந்தையார் அஞ்சல் துறையில் எழுத்தராகப் பணியாற்றியவர். மணமான புதிதில் கொடைக்கானலுக்கு மாற்றலாகி வந்து, இதே வீட்டில்தான் வாடகைக்குக் குடியிருந்தார். பின்னர் சமவெளிக்கு இறங்கிவிட்டாலும், 1983ஆம் ஆண்டில் உரிமையாளர் வீட்டை விற்க முன்வந்தபோது, அன்னையாரின் நகைகளையும் தம் சேமிப்பையும் ஒன்று சேர்த்து அதனை வாங்கினார். அன்று அச்சரிவு நகருக்கு ஒதுக்குப்புறமாதலின் விலையும் எங்கள் நிலைக்கு எட்டியது.

ஏறும் வழி

இம்மலையை ஓய்விடமாக்கியவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள். சமவெளியின் வெப்பத்தாலும் நோயாலும் தங்கள் உறவினரைப் பறிகொடுத்து வந்த அவர்கள், 1845ஆம் ஆண்டில் இங்கு முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். 1863ஆம் ஆண்டில் லெவிஞ்சு என்னும் ஆட்சியர் ஓடையை அணைகட்டித் தேக்கி ஏரியை உண்டாக்கினார். 1895ஆம் ஆண்டில் இயேசு சபையார் செண்பகனூரில் தங்கள் கல்லூரியை நிறுவினர். மோட்டார் சாலை வருமுன் மக்கள் நடந்தும், குதிரைமீதும், ஆட்கள் சுமந்த நாற்காலிகளிலும் மலையேறினார்கள். நாங்களோ வத்தலக்குண்டில் பேருந்தைப் பிடித்து, அரிசி மூட்டையும் கம்பளிகளுமாக நெருக்கியடித்து அமர்ந்து ஏறுகிறோம்.

சென்ற பயணத்தில், ஊத்து என்னும் ஊரைத் தாண்டியதும் சன்னல் வழியே குளிர்காற்று வீசவே, ஒன்பது வயதான என் தம்பி மகள் கேட்டாள்: "பெரியப்பா, மேலே போகப் போகச் சூரியனுக்குக் கிட்டத்தில்தானே போகிறோம்? சுட அல்லவா வேண்டும்? ஏன் குளிர்கிறது?"

நல்ல கேள்வி! பல கோடிக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள கதிரவனுக்கு இரண்டு கிலோமீட்டர் மலை ஒரு பொருட்டன்று. கதிரவன் காற்றை நேராகச் சூடாக்குவதைவிட நிலத்தையே மிகுதியும் சூடாக்குகிறான். நிலம்தான் காற்றுக்குச் சூட்டைத் தருகிறது. மேலே எழும் காற்று, அங்கே அழுத்தம் குறைவாதலின் விரிகிறது; விரியும்போது குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரைப் பாகை குறையும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. கணக்கைப் போட்டுப் பார்த்த சிறுமி, "அப்படியானால் நாம் இப்போது பதின்மூன்று பாகையை மிச்சம் பிடிக்கப் போகிறோம்!" என்றாள். பேருந்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டனர்.

இல்லாதவற்றின் இன்பம்

எங்கள் மலைவீட்டில் தொலைக்காட்சி இல்லை. கைப்பேசிக்கு அலைவரிசை வேண்டுமானால் கால்மணி நேரம் மேட்டில் ஏறவேண்டும். இந்தக் குறைகளே அவ்வீட்டின் நிறைகள் என்பதை நாங்கள் ஆண்டுதோறும் உணர்கிறோம். விடியலில் எங்களை எழுப்புவது கடிகாரமன்று. பின்புறத்து ஓடையருகே பாடும் சீகாரப் பூங்குருவி. பாட்டை முழுதும் கற்றுக்கொள்ளாத சிறுவன் சோம்பலாகச் சீழ்க்கையடிப்பது போன்றது அதன் குரல். அதனால் ஆங்கிலேயர் அதற்குச் சீழ்க்கையடிக்கும் பள்ளிச் சிறுவன் என்றே செல்லப்பெயர் வைத்தனர்.

சமவெளியில் எளிதாக நடக்கும் வேலைகள் மலையில் எளிதாக நடப்பதில்லை. தேங்காயெண்ணெய் புட்டியில் கல்லாக உறைந்திருக்கும். அதை வெயிலில் வைத்து இளக்கவேண்டும். உப்பு நீர்த்துப்போகும், தீக்குச்சி நமத்துப்போகும். மாலையில் அரைத்த இட்லி மாவு காலையில் அரைத்தபடியே இருக்கும், பொங்காது. அன்னையார் மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, கணப்பின் அருகே குழந்தையைக் கிடத்துவதுபோல் வைப்பார். "சத்தம் போடாதீர்கள், மாவு தூங்குகிறது" என்று அவர் சொல்ல, சிறு பிள்ளைகள் உண்மையாகவே அடிமேல் அடி வைத்து நடப்பார்கள்.

பருப்பு வேகுவதும் அப்படியே. இவ்வுயரத்தில் தண்ணீர் நூறு பாகைக்குக் காத்திராமல் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைக் கண்டு வெந்துவிட்டது என்று இறக்கினால் ஏமாற்றமே மிஞ்சும். குக்கர் வருமுன் அன்னையார் துவரம்பருப்பை இரவே ஊறவைத்து, காலையில் நெடுநேரம் விறகடுப்பில் வேகவைத்த கதையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கேட்கிறோம். அந்தக் காத்திருப்பில்தான் அக்கம்பக்கத்துப் பெண்கள் அடுப்படியில் கூடி அமர்ந்து உறவாயினர் என்பார்.

உணவும் எளியதுதான். அன்றைக்குப் பறித்த பீன்ஸ், மண் மணக்கும் கேரட், உருளைக்கிழங்கு, சௌசௌ. பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டில் வைத்த இரசம். சிறிய பற்களும் மிகுந்த காரமும் உடைய இப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டிலோ அதற்கு அதற்கு முன்பே பெரிய மதிப்புண்டு. சளி, இருமல், வயிற்று உப்புசம் யாவற்றிற்கும் அன்னையாரின் மருந்துப் பெட்டி அதுதான். மே மாதத்தில் பிளம்ஸ் பழுக்கத் தொடங்கும். பாதிப் பழம் பறவைகளுக்கு, மீதி எங்களுக்கு என்பது தந்தையார் வகுத்த சட்டம்.

பிற்பகலில் மஞ்சு இறங்கும். சற்றுமுன் கண்ணெதிரே நின்ற மரங்கள் ஒவ்வொன்றாக மறையும். பின்னர் இடியோடு மழை ஓட்டின்மேல் கொட்டும், பேச்சே கேளாது. அப்போது தாயக்கட்டமும் பல்லாங்குழியும் வெளிவரும். தம்பியும் நானும் மீண்டும் சிறுவர்களாகிச் சண்டையிடுவோம். எங்கள் பிள்ளைகள் நடுவர்களாவார்கள். அந்தி மயங்கும் நேரத்தில் காட்டெருமைகள் வேலியோரம் அமைதியாக நடந்து செல்வதுண்டு. அவ்வேளையில் ஒருவரும் வாயிற்படியைத் தாண்டுவதில்லை. சீகை விறகு எரியும் கணப்பைச் சுற்றி அமர்ந்து செபமாலை சொல்லுவோம். குளிருக்குப் பயந்து கடைக்குட்டிகள் பெரியவர்களின் போர்வைக்குள் புகுந்துகொள்வார்கள். ஐந்தாம் பத்து முடிவதற்குள் இருவரேனும் தூங்கியிருப்பார்கள்.

குறிஞ்சிக் கணக்கு

அன்னையாருக்கு வயது எழுபத்தெட்டு. தம் வாழ்வை அவர் குறிஞ்சிப் பூவினால் கணக்கிடுகிறார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவுகளை நீலமாக்கும் அப்பூவை, 1970இல் புதுமணப் பெண்ணாகக் கண்டார். 1982இல் எங்கள் மூவரையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார். 1994இல் அக்காள் மணமாகி வந்து பார்த்தாள். 2006இல் தந்தையார் ஊன்றுகோலுடன் வந்து நின்றார். அதுவே அவர் கண்ட கடைசிக் குறிஞ்சி. 2009ஆம் ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். 2018இல் பேரப்பிள்ளைகள் சூழ அன்னையார் வந்தார். பூக்காலம் கோடையன்று, ஆகஸ்டு மாதத்தை ஒட்டியே மலை நீலமாகும். ஆகவே அந்த ஆண்டுகளில், ஆகஸ்டு 14, 15 நாட்களில் நடைபெறும் சலேத் அன்னை திருவிழாவுக்கென மீண்டும் ஒருமுறை மலையேறுவோம். அடுத்த குறிஞ்சி 2030இல்.

இந்தக் கணக்குக்கு இடையில்தான் 2025ஆம் ஆண்டுக் கோடையில் வேறொரு கணக்கு வந்து சேர்ந்தது.

பங்கு என்னும் சொல்

எங்களைச் சுற்றியிருந்த சிறு வீடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. கூட்டம் பெருகியதால், 2024 மே 7ஆம் நாள் முதல், உயர் நீதிமன்ற ஆணைப்படி, கொடைக்கானலுக்கு வரும் வாகனங்கள் இ-பாஸ் பெறவேண்டும் என்னும் முறையும் வந்தது. நிலத்தின் விலையோ நாங்கள் எண்ணிப் பாராத அளவுக்கு ஏறியிருந்தது. ஒரு தரகர் தாழ்வாரத்தில் வந்தமர்ந்து, வீட்டை இடித்து விடுதி கட்ட ஒருவர் காத்திருப்பதாகவும், கேட்கும் தொகையைத் தருவார் என்றும் கூறிச் சென்றார்.

அன்றிரவு ஒருவரும் தாயம் ஆடவில்லை. காரணம், அக்காளின் நிலைமை எங்கள் எல்லாருக்கும் தெரியும். அத்தானுக்கு 2024இல் இருதய அறுவை நடந்தது, சேமிப்பு கரைந்தது. இளைய மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்தாள். அக்காள் வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. கேளாததே எங்களை மிகவும் வருத்தியது.

தந்தையார் உயில் எழுதாமல் மறைந்தவர். நம் வாசகர்களில் பலருக்கு இது பயன்படுமாதலின் இங்கே குறிப்பிடுகிறேன். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர் ஒருவர் மனைவியும் மக்களும் இருக்க உயிலின்றி இறந்தால், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவியைச் சேரும். எஞ்சிய இரண்டு பங்கு ஆண், பெண் வேறுபாடின்றி மக்களுக்குச் சமமாகப் பிரியும். ஆக, வீட்டை ஒன்பது கூறாக்கினால் அன்னையாருக்கு மூன்று, எங்கள் மூவருக்கும் இவ்விரண்டு. அக்காளின் பங்கு எங்கள் தயவன்று, அவளுடைய உரிமை.

மறுநாள் காலையில் முதலில் பேசியவர் அன்னையார். அவரே இவ்வீட்டை மிகுதியும் நேசிப்பவர். ஆகவே விற்கக்கூடாது என்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "விற்றுவிடுங்கள். சுவரைக் காப்பதற்காகப் பெற்ற மகளை வாடவிட்டால், அது வீடா? நான் குறிஞ்சியை ஐந்து தடவை பார்த்தாயிற்று, அது போதும்" என்றார்.

அக்காள் அழுதுவிட்டாள். "அம்மா, எனக்குப் பணம் வேண்டும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டை விற்று வந்த பணம் என்றால், வாழ்நாளெல்லாம் அது என் கையைச் சுடும்" என்றாள்.

பிறகு கணப்பருகே அமர்ந்து, பிள்ளைகளின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினோம். தம்பி கார் வாங்குவதற்குச் சேர்த்திருந்த தொகையைச் சொன்னான். நான் சேமநிதியில் பெறக்கூடிய கடனைச் சொன்னேன். அக்காளின் இரண்டு கூறுகளுக்கு அன்றைய நிலவரப்படி மதிப்புப் போட்டோம். மூன்றில் ஒரு பகுதியை உடனே தருவதென்றும், மீதியை ஆண்டுதோறும் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் காலத்தில் தந்து 2030க்குள் முடிப்பதென்றும், கடைசித் தவணைக்குப் பின்னரே அக்காள் விடுதலைப் பத்திரம் பதிவுசெய்து கொடுப்பதென்றும் முடிவாயிற்று. அன்னையார் தம் பங்கை மூவருக்கும் சமமாக உயில் எழுதுவதாகக் கூறினார். "என் மகள் இந்த வீட்டுக்கு ஒருநாளும் விருந்தாளியாக வரக்கூடாது" என்பதே அவர் சொன்ன காரணம்.

"நமக்குள் எழுத்து எதற்கு, அம்மா?" என்று தம்பி தயங்கியபோது அவர் கூறிய மறுமொழியை நான் மறக்கமாட்டேன். "அன்பு இருக்கிறது, ஆகவே காகிதம் வேண்டாம் என்று சொல்லாதே. காகிதம் சரியாக இருந்தால்தான், நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கிடையே அன்பு இருக்கும்."

முதல் தொகை அவ்வாண்டு சூன் மாதத்திலேயே அக்காளின் கைக்குச் சேர்ந்தது. தம்பி இன்றும் பழைய இருசக்கர வண்டியில்தான் வேலைக்குப் போகிறான். என் சம்பளத்திலும் மாதந்தோறும் ஒரு துண்டு விழுகிறது. இவை சுமையல்ல என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் சுமப்பவர் இருவராயின் சுமை பாதி. எதற்காகச் சுமக்கிறோம் என்பது தெரிந்தால் மீதியிலும் பாதி குறைந்துவிடுகிறது.

மலைமேல் வீடில்லாதவர்க்கு இக்கட்டுரையால் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். களைத்துத் திரும்பிய சீடர்களைத் தனிமையான இடத்திற்கு வந்து சற்று இளைப்பாறுமாறு நம் ஆண்டவர் அழைத்தார். அந்த ஓய்வு மலையுச்சியில்தான் கிடைக்கும் என்று அவர் வரையறுக்கவில்லை. மொட்டை மாடியில் பாய் விரித்து, கைப்பேசிகளைக் கீழே வைத்துவிட்டு, பாட்டியை ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். தாயக்கட்டையைத் தேடி எடுங்கள். ஒரு வேளைச் சமையலை எல்லாருமாகச் சேர்ந்து செய்யுங்கள். அப்படிக் கூடியிருக்கும் நாளில், உடன்பிறந்தார் ஒருவர் வாய்திறந்து கேளாத தேவை ஏதேனும் உண்டா என்று மெல்லப் பாருங்கள். வேலையும் விரைவும் மறைத்து வைத்திருக்கும் அத்தகைய தேவைகள், ஓய்ந்து அமர்ந்தால்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. கோடை விடுமுறை நமக்குத் தரக்கூடிய குளிர்ச்சிகளுள் அதுவே மேலானது என்று எனக்குத் தோன்றுகிறது.