நோன்பும் தசையும்

ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும் மல்லாவியிற் காலபோக விதைப்புத் தொடங்கிவிடும். கந்தசஷ்டியும் பெரும்பாலும் அவ்வேளையிலேயே வந்து சேரும். அவ்வூர்க் கமக்காரர் ஒருவர் ஆறு நாளும் நீர் மட்டுமே அருந்துபவர். நான்காம் நாளும் அவர் வரம்பு கட்டப் புறப்படுவதைக் கண்டு மனைவியார் கலங்குவார். "வெறும் வயித்தோடை எப்பிடி மண்வெட்டி பிடிக்கப் போறியள்?" என்ற அவரது வினா, உடற்றொழிலியலாரும் நெடுங்காலம் எழுப்பிய வினாவே.

ஈரலிலுள்ள கிளைக்கோசன் ஏறத்தாழ 100 கிராம். ஒரு நாளில் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். வன்கூட்டுத் தசைகளில் அதனைப்போல் மூன்று நான்கு மடங்கு உண்டு. ஆயினும் அதனைக் குளுக்கோசாக்கிக் குருதியில் விடுதற்கு வேண்டிய நொதியம் தசையில் இல்லை. அயலார்க்குத் திறவாத கொம்பறை அது.

மூளைக்குக் குளுக்கோசை நேரே வழங்கவியலாத தசை, தான் அதனை உண்ணாது விடுகிறது. இன்சுலின் தாழக் கொழுப்பமிலங்கள் குருதியிற் பெருகுகின்றன. தசை அவற்றையே எரிக்கிறது. கொழுப்பமிலம் எரியுங்கால் குளுக்கோசின் எரிவு தடைப்படுவதை 1963இல் பிலிப் றாண்டிலும் அவர்தம் துணைவரும் விளக்கினர். குளுக்கோசிலிருந்து பிறக்கும் பைருவேற்று, இழைமணியுள் எரியும் வாயில் அடைபட்டதனால், இலற்றிக்கமிலமாகவும் அலனீனாகவும் ஈரலுக்குச் சென்று மீண்டும் குளுக்கோசாகிறது.

இதற்கு விலையும் உண்டு. தொடக்க நாட்களில் நாளொன்றுக்கு 75 கிராமளவு புரதம், பெரும்பாலும் தசையிலிருந்தே, கரைகிறது. பட்டினி வாரக்கணக்கில் நீளின் மூளை கீற்றோன்களை ஏற்கப் பழகி, அவ்விழப்பு 20 கிராமளவாகக் குறையும். ஆறு நாள் விரதமோ அப்பழக்கம் முற்றுமுன் முடிந்துவிடுகிறது. கமக்காரரின் தோள் மெலிவு வெறுந் தோற்றமன்று.

நிதானமாக வரம்பு கட்டக் கொழுப்பே போதும். விதைநெல் மூட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுமக்கக் கிளைக்கோசன் வேண்டும். நூலறிவின்றியே இதனை உணர்ந்தவர்போல, மூட்டைகளை அவர் மகனிடம் விட்டுவிடுவார்.

அவர்தம் தமையனாரின் நிலை வேறு. நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவரின் உடலில், தாழவேண்டிய இன்சுலின் தாழாது. குருதிக் குளுக்கோசு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்து தொடங்கிய ஆண்டிலேயே தமையனார் வைத்தியரைக் கேட்டு நீர் விரதத்தைக் கைவிட்டார். தம்பியார் அதனைக் குறையாக எண்ணியதில்லை.

சூரசங்காரத்தின் மறுநாட் காலை பாரணை. தசை உடனே பழைய வழக்குக்கு மீள்வதில்லை. முதற் சோற்றின் குளுக்கோசு வழமையிலும் நெடுநேரம் குருதியில் நிற்கும். மனைவியார் இலையிற் சிறிதளவே பரிமாறுவார். கணவரின் கை மீண்டும் நீளுகையில், "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்று கறிச்சட்டியை அப்பால் நகர்த்திவிடுவார்.