பலகையில் எழுதிய வலிகள்

நாகர்கோவிலில் நர்ஸ்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பெரும்பாலோர் நைட் டியூட்டி முடித்த கையோடு, சிவந்த கண்களுடன் வருவார்கள். முதல் வகுப்பில் நான் ஆங்கிலம் பேசுவதே இல்லை. "நோயாளிங்க வலியை எப்படியெல்லாம் சொல்லுவாங்க?" என்று கேட்டு சாக்பீஸை நீட்டுவேன். பலகை நிறைந்துவிடும்: குத்துது, எரியுது, கடுக்குது, உளையுது, சுண்டி இழுக்குது, விண்விண்ணுன்னு தெறிக்குது. இதில் எதற்கு டாக்டரை உடனே எழுப்ப வேண்டும், எதற்குக் காலை வரை பொறுக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பிறகுதான் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஷார்ப், பர்னிங், த்ராபிங் என்று எழுதத் தொடங்குவோம்.

ஆங்கிலத்துக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்பதை நான் அந்தப் பலகையில்தான் கண்டேன்: ஏற்கெனவே கைவசமுள்ள தொழில் அறிவிலிருந்து. மெஹ்தாபுல் ஆசம், ஏமி சின், நிஷித் பிரகாஷ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் 2005ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து எழுதிய ஆய்வு 2013இல் வந்தது. அதன்படி, ஆங்கிலம் சரளமாகப் பேசும் இந்திய ஆண்களின் மணிக்கூலி, அறவே தெரியாதவர்களைவிடச் சராசரியாக 34 சதவீதம் அதிகம். கொஞ்சம் பேசுவோருக்கு 13 சதவீதம். ஆனால் இளம் வயதினரில் நன்றாகப் படித்தவர்களுக்கு மட்டுமே இந்தக் கூடுதல் கிடைக்கிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால்தான் பத்தாவதோடு நின்ற பையன் ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு வந்தால் பணம் வாங்க எனக்கு மனம் ஒப்பாது. முதலில் ஐடிஐயில் ஒரு தொழிலைப் பிடி, பிறகு வா என்று அனுப்பியிருக்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த பயிற்சி மையத்தில் மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யவைப்பார்கள். நானும் செய்யவைத்தேன். ஒரு பெண் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை மூன்று முறை எழுதினாள். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 7 வந்தது, எழுத்தில் 6தான். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவுசெய்ய எழுத்தில் 6.5 வேண்டும். தேர்வுக் கட்டணம் அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். மூன்றாம் தடவைக்கு வளையலை அடகு வைத்தாள். அந்த வட்டியை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

பிறகு அவளை ஓஇடி தேர்வுக்குத் திருப்பினேன். அது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. அதன் எழுத்துப் பகுதியில் நோயாளியின் குறிப்புகளை 5 நிமிடத்தில் படித்து, 40 நிமிடத்தில் கடிதம் எழுத வேண்டும். ஒருநாள் பயிற்சிக்குக் கொடுத்த குறிப்பில் ஒரு முதியவர்: சர்க்கரை, காலில் புண், சின்ன வயதில் டான்சில் ஆபரேஷன், தனியாக வசிக்கிறார். அவள் டான்சிலை அடித்துவிட்டு, கடைசியில் கிடந்த 'தனியாக வசிக்கிறார்' என்பதை முதல் பத்திக்குக் கொண்டுபோனாள். ஏன் என்றேன்.

"புண்ணுக்குக் கட்டு யாரு மாத்துவா டீச்சர்? அவர் வீட்டுக்குப் போற நர்ஸுக்கு அதைத்தானே முதல்ல சொல்லணும்?"

வார்டில் இது அவளுக்கு எப்போதும் தெரிந்ததுதான். நாங்கள் கொடுத்த மாதிரிக் கட்டுரைகள்தான் அதைச் சொல்லவிடாமல் வைத்திருந்தன.

இப்போது இங்கிலாந்தில் இருக்கிறாள். வளையலை மீட்டுவிட்டாள். போன மாதம் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "இங்க ஒரு பாட்டி 'நாகிங் பெயின்'ங்கிறாங்க டீச்சர். நம்ம ஊர்ல அதுக்கு என்ன சொல்லுவோம்?" மறுநாள் வகுப்பில் கேட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து பலகையில் எழுதினாள்: நைநைன்னு வலிக்குது.